பொன்மலைக்கு வந்த தாம்பரம் வண்டி

ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைத்து முடித்து, தலையில் முடி மறுபடி முளைக்கத் தொடங்கிய சமயத்தில் நான் திரும்ப வேலைக்குச் சேர்ந்தேன். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் எலக்ட்ரீஷியன். "நீ இத்தனை வருஷமா ரயிலுக்கு வச்ச, இப்ப உனக்கு வைக்கிறாங்க" என்று என் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னபோது எனக்கு அழுகைதான் வந்தது. நாலைந்து நாள் கழித்து, சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

இடது மார்பை எடுத்திருந்தார்கள். அக்குளிலும் கொஞ்சம் வெட்டியிருந்ததால் இடது கை தோளுக்கு மேலே ஏறவில்லை. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் செக்‌ஷன் இன்ஜினீயர் என்னைவிட வயதில் சிறியவர், அதிகம் பேசமாட்டார். சேர்ந்த அன்று காலை என்னைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுகளையெல்லாம் தாண்டி நடந்தார். கடைசி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பெட்டி நின்றது.

"இனிமே உங்களுக்கு இதுதாங்க வேலை" என்றார்.

மீட்டர் கேஜ் மின்சார ரயிலின் மோட்டார் பெட்டி அது. ஒரு காலத்தில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடியது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அந்தப் பாதையில் மின்சார வண்டி வந்துவிட்டது. இது அதற்கு அடுத்த தலைமுறை. தண்டவாளத்தையெல்லாம் அகலமாக்கியபோது குறுகிய தடத்து வண்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெரும்பாலானவற்றை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். இது ஒன்று எப்படியோ தப்பி, எங்கோ ஒரு யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்று, சாமான் போடும் அறையாக இருந்து, டிரெய்லர் லாரியில் ஏறி எங்களிடம் வந்திருந்தது. பழுது பார்த்து, ஜனங்கள் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். அவசரம் ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்த அவசரமில்லை என்ற வார்த்தைதான் எனக்கு உறைத்தது. ஓடுகிற வண்டிகளை விட்டு என்னை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். தரைப் பலகை இடுக்கில் ஒரு வேப்பங்கன்று இடுப்புயரம் வளர்ந்திருந்தது. உள்ளே குளவிக்கூடு. இருக்கைகள் இல்லை, மின்விசிறிகளில் இறக்கை இல்லை. மேலே மின்கம்பியைத் தொட்டு வரும் அந்த மடிப்புக் கை மட்டும் கூரையில் படுத்துக் கிடந்தது. ஒரு ஒயரைத் தொட்டேன். ரப்பர் உறை ரஸ்க் மாதிரிப் பொடிந்து கையில் கொட்டியது.

பெட்டியின் இரும்பு வேலைக்கு எங்களோடு இருபது வருஷமாக வேலை பார்க்கிற ஒருவரைப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவர் பாய். துரு பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணுவது அவர் வேலை. முதல் வாரம் என்னிடம் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டிக்குள் இரண்டு பலகையை இணைத்து இடுப்புயரத்தில் ஒரு மேசை அடித்து வைத்திருந்தார். சாமான் வைக்கத்தான் என்று நினைத்தேன். மறுநாள் ஏறும் இடத்தில் மூன்று மரப்படி. அதற்கு மறுநாள், கூரையில் இருக்கிற விளக்குகளை எட்ட ஒரு தாழ்வான சாரம். அதில் ஏறி நின்றால் கூரை என் முகத்துக்கு நேராக இருந்தது. கையைத் தூக்கவே வேண்டாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பாய், இதெல்லாம் எனக்காகவா?"

"எனக்கும் முட்டி வலிம்மா" என்றார். அவருக்கு முட்டி வலி இருந்ததாக நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

மத்தியானம் வரைதான் எனக்குத் தெம்பு இருக்கும். அதற்குப் பிறகு மேசை ஓரமாக உட்கார்ந்து, பிரித்தெடுத்த ஸ்விட்சுகளை மண்ணெண்ணெயில் துலக்குவேன். பித்தளை ஸ்விட்சுகள். அழுக்குப் போனதும் அவற்றின் மஞ்சள் நிறம் வெளியே வரும்போது மனசு லேசாகும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போவேன். வரைபடம் பாதிதான் கிடைத்திருந்தது. அந்த வேலைக்கு நிதானம் வேண்டும். எனக்கு அப்போது நிதானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு மாதம் போனபின், செக்‌ஷன் இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டேன்.

"சார், என்னை ஏன் இதுல போட்டீங்க? எங்கேயாவது உட்கார வைக்கணும்னா?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "உங்களை ஆபீஸ்ல உட்கார வைக்கச் சொன்னாங்க. தபால் எடுத்து வைக்கிற வேலை. நான்தான் வேணாம்னேன். எலக்ட்ரீஷியனா போனவங்க எலக்ட்ரீஷியனாதானே திரும்பி வரணும்" என்றார். சொல்லிவிட்டு உடனே வேறு பக்கம் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

ஒயர்களில் ஒரு ஜோடி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. டிரைவர் அறைக்கு அடுத்தது லேடீஸ் பெட்டி. கம்பி வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கான இடம். மற்ற விளக்கு, விசிறி எல்லாம் ஒரே வழியாக வர, இந்த ஜோடி மட்டும் தனியாகக் கிளம்பி, கீழே பேட்டரிப் பெட்டியிலிருந்து நேராக லேடீஸ் பெட்டிக் கதவுக்கு மேலே வந்து, அங்கே வெட்டுப்பட்டு நின்றது. அந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. என்ன இருந்தது அங்கே? மணியா, விசிறியா, விளக்கா? பாய் மணி என்றார். இன்ஜினீயர் தெரியவில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு ஸ்ரீரங்கத்து மாமி ஞாபகம் வந்தார்.

ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கும் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. தினமும் ஒரே நேரத்துக்கு வருகிற நாங்கள் ஐந்து பெண்கள் அதில் உட்காருவோம். யாரும் யார் பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர்தான் பெயர். மணப்பாறை, முறுக்குப் போட்டு விற்கிறவர். வாய் புண்ணாக இருந்த எங்களுக்கு முறுக்கைச் சூடான டீயில் ஊற வைத்துத் தின்னக் கற்றுக்கொடுத்தார். துவாக்குடி, காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் "சாம்பார்ல புளி பத்தலைன்னு சொன்னானா, எந்தப் பய சொன்னான்?" என்று சண்டை போடுவார். பச்சைமலைக்காரர் அதிகம் பேசமாட்டார். மலையிலிருந்து தினம் பஸ்சுக்கு வழியில்லை என்று டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். எனக்குத் தலை சுற்றிய ஒருநாள், தன் முறை வந்தும் உள்ளே போகாமல், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பொன்மலை.

மாமியை ஸ்ரீரங்கம் என்று கூப்பிட்டோம். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவர் சிரித்துவிட்டார். "மெட்ராஸ்ல எலக்ட்ரிக் ட்ரெயின்ல என்னைத் தாம்பரம்னு கூப்பிடுவா. அதுக்கப்புறம் இப்பத்தான் ஊர் பேரால கூப்பிடறேள்" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கீழச் சித்திரை வீதியில் தங்கையோடு இருந்தார்.

போன் பண்ணினேன். "மாமி, தாம்பரம் வண்டி ஒண்ணு இங்க நிக்குது. லேடீஸ் பெட்டி கதவுக்கு மேல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் வரட்டுமாடிம்மா?" என்றார்.

இன்ஜினீயர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். மாமி காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கையில் ஒரு டப்பா புளியோதரையோடு பஸ் ஏறி வந்தார். பாய் அடித்த மூன்று படியில் ஏறினார். உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தார். இருக்கை இல்லாத வெறும் இரும்புச் சட்டத்தில், ஜன்னலோரமாக, யோசிக்காமல் போய் உட்கார்ந்தார்.

"மேலே ஒரு லைட்டு. சின்னதா, கம்பிக் கூண்டு போட்டு. வழியில ஒரு எடத்துல வண்டிக்குக் கரண்ட் நின்னு நின்னு வரும். எல்லா லைட்டும் அணைஞ்சுடும், ஃபேன் நின்னுடும். அது ஒண்ணு மட்டும் எரியும். பொம்மனாட்டிகள் இருக்கற பெட்டியோன்னோ, இருட்டா இருக்கப்படாதுன்னு வெச்சிருப்பா போலிருக்கு. அந்த ஒரு நிமிஷம் எல்லாரும் பேச்சை நிறுத்திடுவோம். வெளிச்சம் வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத சின்ன இடைவெளிகள் வழியில் உண்டு. அங்கே வண்டி வந்த வேகத்திலேயே தாண்டும். அந்த நேரத்துக்குப் பேட்டரியில் எரிகிற விளக்கு அது. ஆணி ஓட்டைகளுக்கு இடையே இருந்த வட்டமான நிறமாற்றத்தைப் பாய் விரலால் தடவிக் காட்டினார். கூண்டின் அளவு அது.

மாமி அதோடு எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் புளியோதரையை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"எனக்கு அப்போ இருபது வயசு. தாம்பரத்துல லேடீஸ் ஹாஸ்டல். இதே மாதிரிப் பெட்டியில தெனமும் எழும்பூர் வரைக்கும். பல்லாவரம், மாம்பலம், சைதாப்பேட்டைன்னு ஒரு அஞ்சாறு பேர். கீரை ஆய்வா, ஸ்வெட்டர் பின்னுவா. ஒருநாள் கார்த்தால ஹாஸ்டல் வாசல்ல ஸ்ரீரங்கத்துலேர்ந்து தந்தி. அப்பா சீரியஸ், உடனே வான்னு. எனக்கு ஒண்ணும் ஓடலை. வழக்கமா என்ன பண்ணுவேனோ அதைப் பண்ணினேன். ஸ்டேஷனுக்கு வந்தேன், வண்டியில ஏறி உட்கார்ந்துண்டேன். ஆபீசுக்குப் போறேன்னுதான் நெனைச்சுண்டிருக்கேன். பல்லாவரம்னு நாங்க கூப்பிடறவ அவ ஸ்டேஷன்ல ஏறினா. என் மூஞ்சியைப் பார்த்தா. கையிலேர்ந்து தந்தியைப் பிடுங்கிப் படிச்சா."

"அப்புறம் என்ன ஆச்சு மாமி?"

"அவாளே பேசிண்டா. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை. எழும்பூர்ல எல்லாரும் என்னோட எறங்கிட்டா. ஒருத்தி என் ஆபீசுக்குப் போய்ச் சொல்றேன்னு ஓடினா. ஒருத்தி டிக்கெட்டுக்கு ஓடினா. திருச்சி பகல் வண்டி கெளம்பற சமயம். பல்லாவரம் என்னோட ஏறி உட்கார்ந்துண்டுட்டா. ஆபீசுக்குக் கட்டிண்டு வந்த புடவையோட, டிபன் பாக்ஸோட. அவ ஆத்துக்காரர்கிட்ட மாம்பலத்துக்காரி போய்ச் சொன்னாளாம். விழுப்புரத்துல அவளோட தயிர்சாதத்தை எனக்கு ஊட்டி விட்டா. சாயந்திரம் நான் ஆத்துக்குள்ள நுழையறச்சே அப்பாவுக்கு நெனைவு இருந்தது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைப் பிடிச்சுண்டேன். மறுநாள் கார்த்தால போயிட்டார், ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை.

"அவ மட்டும் அன்னிக்கு ஏறலைன்னா நான் எக்ஸ்சேஞ்சுல போய் உட்கார்ந்து யாரோ ரெண்டு பேருக்கு லைன் கொடுத்துண்டு இருந்திருப்பேன். அப்பா போயிருப்பார். அவ ரெண்டு நாள் எங்காத்துல இருந்து, சமையல் பாத்திரமெல்லாம் தேச்சு வெச்சுட்டுப் போனா. மூணு வருஷம் கழிச்சு அவருக்கு வடக்கே மாத்தலாகிப் போயிட்டா. தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை சொன்னேனான்னு எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருந்தா அவ திட்டியிருப்பா."

பாய் எழுந்து வெளியே போனார். வெல்டிங் சத்தம் எதுவும் வெகுநேரம் வரவில்லை.

மாமி சொன்ன அளவில் ஒரு கூண்டு விளக்கைப் பாயே கம்பி வளைத்துச் செய்தார். நான் புது ஒயர் இழுத்து மாட்டினேன். பேட்டரியைச் சேர்த்து ஸ்விட்சைப் போட்டதும் அது எரிந்தது. அந்தப் பெட்டியில் முதலில் உயிர் வந்தது அதற்குத்தான்.

அதன்பிறகு வேலை சூடுபிடித்தது. விளக்குகள் எரிந்து, விசிறிகள் சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜினீயருக்கு ஓர் ஆசை வந்தது. "இதை ஓட்டிப் பார்த்தா என்னங்க?" என்றார். மேலே மின்கம்பி கிடையாது. குறுகிய தடமும் எங்களிடம் முந்நூறடி அளவுக்கு ஒரு துண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து மோட்டார் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. வேகம் வேண்டாம், நகர்ந்தால் போதும் என்றால் பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்தே நகர்த்தலாம். கேட்கக் கேட்க எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது.

மோட்டாரைப் பரிசோதித்தேன். உள்ளே அத்தனை வருஷத்து ஈரம். அப்படியே மின்சாரம் கொடுத்தால் புகைந்துவிடும். அதைச் சுற்றித் தார்ப்பாயால் கூடாரம் போல மூடி, உள்ளே பெரிய பல்புகளைத் தொங்கவிட்டோம். ஈரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று காலையிலும் மாலையிலும் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். முதல் வாரம் முள் அசையவே இல்லை. "காய்ச்சல்காரனுக்கு தெர்மாமீட்டர் வச்ச மாதிரி இதென்ன" என்று பாய் கிண்டல் செய்வார். பிறகு ஒருநாள் முள் கொஞ்சம் ஏறியது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நான் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவரிடம் மோட்டாரின் நிலவரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

பேட்டரிகளைச் சேர்த்து முதல் தடவை கைப்பிடியைத் திருப்பியபோது பெட்டி ஒரு முனகல் முனகியது. அசையவில்லை. உடனே நிறுத்தினேன். மோட்டாரில்தான் கோளாறோ என்று மீட்டரைத் தேடினேன். பாய் கீழே ஊர்ந்து போய்ப் பார்த்தார். "உன் மோட்டாருக்கு ஒண்ணுமில்லம்மா! ஒரு பிரேக் கட்டை சக்கரத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று கத்தினார். சாயங்காலம் வரை தட்டித் தட்டி அதை விடுவித்தார். அன்றைக்கு எல்லோரும் களைத்திருந்ததால் மறுபடி முயலவில்லை. "இன்னொரு நாள் பண்ணலாம், வேணும்கிறவங்களைக் கூப்பிடுங்க" என்றார் இன்ஜினீயர்.

நான் பெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டேன். மணப்பாறையும் துவாக்குடியும் உடனே வருகிறேன் என்றார்கள். பச்சைமலைக்காரரின் போனை ஒரு பையன் எடுத்தான்.

"அம்மா இல்லைங்க. சித்திரையில போயிட்டாங்க. நீங்க யாருங்க?"

"பொன்மலைங்க" என்றேன்.

"தெரியும்ங்க. அம்மா சொல்லிக்கிட்டு இருப்பாங்க, பொன்மலைக்கு நல்லாயிடுச்சாம்னு" என்றான்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தப் பலகை மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தேன். என் தலையை மடியில் வாங்கிக்கொண்டவருக்கு நான் திரும்பச் செய்தது ஒன்றுமில்லை. செய்வதற்குக் காலமும் இல்லாமல் போனது. நல்லாயிடுச்சாம் என்று அவர் நினைத்துக்கொண்டு போனாரே, அதற்காவது நான் நன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

வண்டியை ஓட்டிப் பார்க்கிற அன்று காலை நல்ல வெயில். ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மணப்பாறை ஒரு சாக்கு நிறைய முறுக்கோடும், துவாக்குடி ஓயாமல் அடிக்கிற போனோடும் வந்தார்கள். மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். "தாம்பரம் வண்டியில ஏறப் போறேன், சும்மாவா" என்றார். மூன்று பேரும் லேடீஸ் பெட்டியில் ஏறினார்கள். இருக்கைகள் அப்போது புதிதாகப் போட்டாகிவிட்டது.

டிரைவர் அறையில் இன்ஜினீயர் நின்றார். கைப்பிடியைத் தானே திருப்பப் போகிறார் என்று நினைத்தேன். ஒதுங்கி இடம் விட்டு, "நீங்க பண்ணுங்க" என்றார்.

வலது கையால் திருப்பினேன். கீழே மோட்டார் மெதுவாக ஹூம் என்றது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பாய் மெள்ளப் பின்னால் போக ஆரம்பித்தார். அவர் அசையவில்லை, நாங்கள்தான் போகிறோம் என்று உணரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெட்டிக்குள் பெண்கள் கூச்சல் போட்டார்கள். வெளியே கைதட்டல். நடந்தாலே எங்களை முந்திவிடலாம், அவ்வளவு மெதுவான ஓட்டம். என் கணவர் பக்கத்தில் நடந்தபடியே போனில் வீடியோ எடுத்தார். அதைப் பிறகு போட்டுப் பார்த்தால் முழுக்க அவர் அழுகிற சத்தம்தான் இருக்கிறது.

தண்டவாளம் முடிகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்தேன். மாமி இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நன்னா ஓட்டறேடிம்மா, ஆனா லேட்டு. ஆபீசுல மெமோ கொடுத்துடுவா" என்றார்.

இப்போது அந்த வண்டி ஒரு பூங்காவில், அதே துண்டுத் தண்டவாளத்தில், புது வர்ணத்தோடு நிற்கிறது. விசேஷ நாட்களில் மட்டும் நகர்த்துகிறோம். நான் பழையபடி ஷெட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு வேலை பார்க்கிறேன். கை இப்போது காது வரை ஏறுகிறது. வாரத்துக்கு ஒருமுறை பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நான்தான் போகிறேன். வேறு யாராவது போகட்டுமே என்று சொல்கிறார்கள், நான் விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நிழலுக்காக லேடீஸ் பெட்டியில் ஏறி, காலை நீட்டி, துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பூங்கா வாட்ச்மேன் விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, எந்திரிங்க, எந்திரிங்க. இது லேடீஸ். ஆம்பளைங்க அந்தப் பக்கம் போங்க."

"வண்டி எங்கேயும் போகலையேப்பா?"

"போகலைன்னா? லேடீஸ் லேடீஸ்தாங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடி, பாய் அடித்துக் கொடுத்த படிகளில் இறங்கினார். அவர் மனைவி அவர் விட்டுப் போன இடத்தில் சாவகாசமாகப் போய் உட்கார்ந்து, வெற்றிலைப் பையைப் பிரித்தார். நான் தண்ணீர் கேனை மூடி வைத்துவிட்டு அந்த அம்மாவுக்காக விசிறியைப் போட்டுவிட்டேன்.